அகதா கிறிஸ்டியை எந்த நாவலில் தொடங்குவது?

அகதா கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவல்கள் 66. அது போக 14 சிறுகதைத் தொகுப்புகள். புதிதாகப் படிக்க வருகிறவர் புத்தகக் கடையில் அந்த அடுக்குக்கு முன்னால் நின்று எதை எடுப்பது என்று திகைப்பது இயல்புதான். யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் மூன்று பெயர்களைச் சொல்வார்கள்: 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்', 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்', 'அண்ட் தென் தேர் வேர் நன்'. மூன்றும் அருமையான நாவல்கள். ஆனாலும் இந்த மூன்றில் எதையும் முதலில் படிக்க வேண்டாம் என்பேன். முதலில் படிக்க வேண்டியது 1942இல் வந்த 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்த நாவலிலும் கொலையாளி யார் என்பதை இங்கே உடைக்கப் போவதில்லை, பயமில்லாமல் படிக்கலாம்.

கிறிஸ்டி எழுத வந்த காலத்தில் துப்பறியும் நாவல், எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடக்கிற நேர்மையான போட்டியாக இருந்தது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், 1929இல் இந்தப் போட்டிக்குப் பத்து விதிகளை எழுதிவைத்தார். துப்பறிகிறவர் கண்ணில் படும் துப்பு வாசகர் கண்ணிலும் பட வேண்டும். ஆவி, பேய் வந்து புதிரை அவிழ்க்கக் கூடாது. ரகசிய வழி ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இப்படிப் போகும் அந்தப் பட்டியல். 1930இல் லண்டனில் 'டிடெக்‌ஷன் கிளப்' என்ற எழுத்தாளர் சங்கம் தொடங்கியது. வாசகரை ஏமாற்றாமல் எழுதுவோம் என்று அதன் உறுப்பினர்கள் உறுதிமொழியே எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்டி அதில் உறுப்பினர். பிற்காலத்தில் தலைவராகி, 1976இல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கிறிஸ்டியின் பெரும்பாலான நாவல்கள் இந்த விதிகளுக்கு உட்பட்டு எழுதப்பட்டவை. சிலவற்றில் மட்டும் அவர் விதியை அதன் எல்லை வரை வளைத்துப் பார்த்தார். உலகம் முழுக்கப் பேசப்படுபவை அந்தச் சில நாவல்கள்தான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நேர்கோடு எது என்று தெரிந்தவருக்குத்தான் வளைவு தெரியும். ஒரு கிறிஸ்டி நாவல் வழக்கமாக எப்படி நடக்கும், எதையெல்லாம் நாம் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம் என்பது பழகாத வாசகருக்கு, அந்த நம்பிக்கையை அவர் உடைக்கும்போது உடைந்த சத்தமே கேட்காது.

முதலில் 'அக்ராய்ட்'. 1926இல் வந்தது. கிங்ஸ் அபட் என்ற கிராமத்தில், துப்பறியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சுரைக்காய் மாதிரியான மாரோ என்ற காயைப் பயிரிட்டுக்கொண்டிருக்கிறார் எர்க்யூல் புவாரோ, கிறிஸ்டியின் பல நாவல்களில் வரும் துப்பறிவாளர். ஊர்ப் பெரிய மனிதர் தன் படிப்பறையில் கத்திக்குத்துப்பட்டுச் சாகிறார். அதிலிருந்து எல்லாம் ஒழுங்காக, பழகிய பாதையில்தான் போகும். பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் 2013இல் தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தபோது, அதுவரை வந்த குற்ற நாவல்களிலேயே சிறந்தது என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே ஊர்ச் செய்தி எல்லாவற்றையும் சேகரித்துவிடும், ஊர் டாக்டரின் அக்கா கேரலைன் ஒருவருக்காகவே இந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிள் உருவாக இந்தப் பாத்திரம்தான் வித்தாக இருந்திருக்க வேண்டும் என்று கிறிஸ்டியே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் 1926இல் இதைப் படித்தவர்கள் ஆறு வருடமாகப் புவாரோ கதைகளைப் படித்துப் பழகியவர்கள். அவருடைய வழக்குகள் எப்படிச் சொல்லப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் முடிவைப் படித்துவிட்டுச் சிலர் கொண்டாடினார்கள், சிலர் இது ஏமாற்று வேலை என்று கொதித்தார்கள். என்னிடமிருந்து வாங்கிப்போய் இதையே முதல் கிறிஸ்டியாகப் படித்த நண்பர் ஒருவர், "நல்லாத்தான் இருந்தது, ஆனா இதுக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அவருக்கு உடைவதற்கு எந்த நம்பிக்கையும் உருவாகியிருக்கவில்லை. நான்கைந்து புவாரோ நாவல்களுக்கு அப்புறம் படித்திருந்தால் அன்று இரவு அவருக்குத் தூக்கமே வந்திருக்காது.

'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' 1934இல் வந்தது. யூகோஸ்லாவியாவில் பனிக்குவியலில் சிக்கி நின்றுபோன ரயில், உள்பக்கம் பூட்டிய கூபேயில் ஒரு பிணம். 1932இல் அமெரிக்காவில் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்திக் கொல்லப்பட்ட சம்பவத்தின் நிழல் கதையின் மேல் அழுத்தமாக விழுந்திருக்கிறது. இதற்கும் 'அக்ராய்ட்' பற்றிச் சொன்ன அதே காரணம்தான். வேறு இரண்டு தடைகளும் உண்டு. ஒன்று, நடுப்பகுதி முழுக்க விசாரணை. பயணிகள் ஒவ்வொருவராக உணவுப் பெட்டிக்கு வந்து உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். ரஷ்ய இளவரசி, ஸ்வீடனைச் சேர்ந்த மிஷனரிப் பெண், ஹங்கேரியப் பிரபு, கார் விற்கும் இத்தாலியர், வாய் ஓயாத அமெரிக்கத் தாய் என்று ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு பெயர். ஆங்கிலத்தில் முதன்முறையாக இப்படி ஒரு நாவலைக் கையிலெடுக்கிற தமிழ் வாசகருக்கு, யார் எந்தப் படுக்கை என்று நினைவு வைப்பதிலேயே பாதி உற்சாகம் வடிந்துவிடும். இரண்டாவது, 1974லும் 2017லும் வந்த படங்களால் இதன் முடிவு ஊரறிந்த ரகசியமாகிவிட்டது. உங்களுக்கு இன்னும் தெரியாது என்றால் அந்த அதிர்ஷ்டத்தைக் கொஞ்ச நாள் பத்திரமாக வைத்திருங்கள்.

மூன்றாவது, 'அண்ட் தென் தேர் வேர் நன்'. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் முதலில் இதையே படி என்று சொல்கிறவர்களின் பக்கத்தில் பலமான நியாயம் உண்டு.

இங்கிலாந்தின் டெவன் கரையோரத்தில் ஒரு தனித் தீவு. அழைப்பின் பேரில் வந்து சேர்ந்த பத்துப் பேர். ஒவ்வொருவர் கடந்த காலத்திலும் சட்டத்தால் தொட முடியாத ஒரு சாவு. இரவு உணவு முடிந்ததும் கிராமபோன் தட்டில் ஒரு குரல் ஒவ்வொருவர் பெயரையும் குற்றத்தையும் வாசிக்கிறது. அப்புறம் ஒரு குழந்தைப் பாட்டின் வரிசையில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். துப்பறிகிறவர் யாரும் கிடையாது. முதல் பக்கத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும். நம் பாக்கெட் நாவல் வேகத்தில் பழகிய கண்களுக்கு இதைவிட வசதியான வாசல் கிறிஸ்டியிடம் இல்லை. உலகத்தில் மிக அதிகமாக விற்ற நாவல்களில் ஒன்று. பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. 1939இல் இங்கிலாந்தில் இது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைத் தலைப்பில் தாங்கி வெளிவந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கப் பதிப்பு 1940லேயே தலைப்பை மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் அந்தப் பழைய தலைப்பு மறைய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இந்தக் கதை தமிழுக்கும் வந்திருக்கிறது. வீணை வித்வான் எஸ். பாலசந்தர் எடுத்து 1970இல் வெளியான 'நடு இரவில்' இதைத் தழுவியதுதான். தீவு, தனி வீடு, ஒவ்வொருவராகக் குறையும் ஆட்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் விருப்பம் உள்ளவர்கள் நாவலுக்குப் பிறகு அதையும் பார்க்கலாம்.

அப்படியிருந்தும் இதை நான் முதலில் வைக்காததற்குக் காரணம், இது கிறிஸ்டியின் மற்ற நாவல்களுக்கு உங்களைத் தயார் செய்யாது என்பதுதான். இதில் இருப்பது பயம். அடுத்தது யார் என்ற பதற்றத்தில் பக்கங்கள் ஓடும். உட்கார்ந்து யோசிக்க இடமே கிடைக்காது. இதைப் படித்த கையோடு புவாரோ நாவல் ஒன்றை எடுத்தால், தேநீர், உரையாடல், மறுபடி தேநீர் என்று நகரும் அந்த நிதானம் சப்பென்று தோன்றும். இதை மட்டும் படித்துவிட்டு, அடுத்ததைப் பாதியில் வைத்துவிட்டு, கிறிஸ்டி அவ்வளவுதான் என்று நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம். அறுபத்தைந்து நாவல்கள் அந்தப் பக்கம் காத்திருக்கின்றன. ஒரே ஒரு கிறிஸ்டிதான் படிப்பேன், அதற்கு மேல் நேரமில்லை என்று உறுதியாகச் சொல்கிறவருக்கு மட்டும், சரி, இதையே எடுங்கள் என்பேன்.

இனி, விதிக்குள் நின்று எழுதப்பட்ட நாவல்களில் எது முதல் என்று பார்ப்போம். என் கணக்கில் போட்டி மூன்றுக்கு நடுவில்.

'டெத் ஆன் தி நைல்', 1937. பணக்கார அழகி லினெட் தன் தோழியின் காதலனையே மணந்துகொள்கிறாள். ஏமாந்த தோழி ஜாக்குலின் அவர்களுடைய தேனிலவு முழுக்க, எகிப்து வரை, நிழல் மாதிரி பின்தொடர்கிறாள். அஸ்வான் ஓட்டல், நைல் நதி, கர்நாக் என்ற நீராவிக் கப்பல். கிறிஸ்டி தொல்லியல் அறிஞரான தன் இரண்டாவது கணவர் மேக்ஸ் மாலவனோடு மத்தியக் கிழக்கில் நிறையச் சுற்றியவர். அந்த வெயிலும் மணலும் பக்கங்களில் இருக்கும். காதல், பணம், வன்மம் மூன்றும் இவ்வளவு அழகாக முடிச்சுப்போட்ட நாவல் அவரிடம் வேறு இல்லை. ஜாக்குலின் மறக்க முடியாத பெண். முதல் இடத்தை இது தவறவிடுவது இரண்டு காரணங்களால். முதல் கொலை நடக்கவே ஏறத்தாழ பாதி நாவல் ஆகிவிடும். அத்தோடு கப்பல் நிறைய ஆட்கள், முத்துமாலைத் திருட்டு மாதிரி கிளைக் குழப்பங்கள். பழகிய வாசகருக்கு அதுவே விருந்து. புதியவர் திணறுவார்.

'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு', 1950. சிப்பிங் கிளெகார்ன் கிராமத்தின் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருநாள் விளம்பரம் வருகிறது: வெள்ளிக்கிழமை அக்டோபர் 29, மாலை 6.30 மணிக்கு லிட்டில் பேடக்ஸ் வீட்டில் ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் வந்து கலந்துகொள்ளவும். அந்த வீட்டுக்காரருக்கே இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊர் மொத்தமும் ஏதோ விளையாட்டு என்று நினைத்து, ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்கிறது. கிறிஸ்டியின் தொடக்கங்களில் இதுதான் மிகச் சிறந்தது என்று அடித்துச் சொல்வேன்.

இதில் எனக்கு இன்னும் பிடித்தது அதன் காலம். போர் முடிந்து ஐந்து வருடம். ரேஷன் இன்னும் ஓயவில்லை. வெண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் பக்கத்து வீட்டோடு திருட்டுத்தனமாகப் பண்டமாற்று நடக்கிறது. ரேஷன் கார்டு என்றால் என்ன என்று அறிந்த நமக்கு அந்தச் சங்கடங்கள் உடனே புரியும். முன்பெல்லாம் ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்தால் அவர் யார், யாருக்குச் சொந்தம் என்று தெரிந்திருக்கும்; இப்போது அவரவர் சொல்கிற கதைதான் சாட்சி என்று மிஸ் மார்ப்பிள் ஓரிடத்தில் வருந்துவார். போர் குலைத்துப்போட்ட ஒரு சமூகத்தின் பயத்தை இந்தப் புதிரின் அடித்தளமாகவே வைத்திருக்கிறார் கிறிஸ்டி. துப்புகள் எல்லாம் கண் முன்னாலேயே பரப்பிவைக்கப்பட்டிருக்கும்.

ஒரு குறை உண்டு, அதை மறைக்க முடியாது. அந்த வீட்டில் சமைக்கிற மிட்சி, குடும்பத்தைப் போரில் பறிகொடுத்து ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்தவள். அவளைக் கிறிஸ்டி பெரும்பாலும் சிரிப்புக்கும் பொய்க்கும்தான் பயன்படுத்துகிறார். அவளுடைய பயத்தைச் சுற்றியிருப்பவர்கள் கேலி செய்யும் பக்கங்கள் இன்று படிக்கும்போது உறுத்துகின்றன. வேலைக்காரர்கள், வெளிநாட்டவர்கள், யூதர்கள் விஷயத்தில் கிறிஸ்டி தன் வர்க்கத்தின் பார்வையைத் தாண்டியவர் இல்லை. அவரைப் படிக்கிறவர்கள் எந்த நாவலில் தொடங்கினாலும் இதை எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

அடுத்து, 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. ஓவியர் ஏமியஸ் கிரேல் விஷத்தால் இறந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. கொன்றது அவர் மனைவி கேரலைன் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவளும் சிறையில் இறந்துவிட்டாள். நான் குற்றமற்றவள் என்று மகளுக்கு அவள் எழுதிவைத்த ஒரு கடிதம் மட்டும் மிச்சம். வளர்ந்து, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மகள் அந்தக் கடிதத்தோடு புவாரோவிடம் வருகிறாள். கைரேகை இல்லை, பிணம் இல்லை, சம்பவ இடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. அன்று அந்த வீட்டைச் சுற்றி இருந்த ஐந்து பேரின் நினைவு மட்டும்தான் உண்டு. பங்குச் சந்தைக்காரர் ஒருவர், மூலிகை ஆராய்ச்சியில் மூழ்கிய அவருடைய அண்ணன், ஓவியருக்கு மாடலாக அமர்ந்த இளம்பெண், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கண்டிப்பான ஆசிரியை, கேரலைனின் தங்கை.

புதிய வாசகருக்கு இது ஏன் பொருத்தம்? முதலாவது, ஆட்கள் ஐந்து பேர்தான். புவாரோ முதலில் ஒவ்வொருவரையும் நேரில் சந்திக்கிறார். பிறகு நடந்ததைத் தங்கள் கைப்பட எழுதித் தரச் சொல்கிறார். ஆக ஒவ்வொருவரையும் நாம் நிதானமாக இரண்டு முறை பார்க்கிறோம். பெயர் குழப்பத்துக்கு வழியே இல்லை. இரண்டாவது, ஒரே நாளின் ஒரே நிகழ்ச்சிகளை ஐந்து பேர் வாயால் கேட்கிறோம். ஒருவருக்குக் கேரலைன் பாம்பு, இன்னொருவருக்குத் தெய்வம். கேட்ட வார்த்தை எல்லோருக்கும் ஒன்றுதான். அதை அவர்கள் புரிந்துகொண்ட விதம்தான் வேறு. கிறிஸ்டியின் மற்ற நாவல்களைப் படிக்க என்ன திறமை வேண்டுமோ, அதாவது நடந்ததையும் நடந்ததாக ஒருவர் நினைப்பதையும் பிரித்துப் பார்ப்பது, அதை இந்த நாவல் தானாகவே கற்றுக்கொடுத்துவிடுகிறது. துப்பு முழுவதும் பேச்சிலேயே இருக்கிறது. விஷத்தின் வேதியியல் தெரிய வேண்டாம், ரயில் கால அட்டவணை பார்க்க வேண்டாம்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். கிறிஸ்டியின் பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகள் என்று ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. பல நாவல்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. இதில் அது எடுபடாது. ஏமியஸ் தன் ஓவியத்தின் மேல் கொண்ட வெறி, அவருக்கும் மனைவிக்கும் ஓயாமல் நடந்த சண்டையின் அடியில் இருந்த பிணைப்பு, இருபது வயதுப் பெண் ஒருத்தியின் கண்மூடித்தனமான நிச்சயம் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. உண்மை வெளிவரும்போது ஆச்சரியத்தைவிடத் துக்கம்தான் அதிகமாகத் தாக்கும். கதை நடக்கும் ஆல்டர்பரி வீட்டுக்கு மாதிரி, டெவனில் கிறிஸ்டி 1938இல் வாங்கிய கிரீன்வே வீடுதான். ஆற்றைப் பார்த்த அந்தத் தோட்டத்து மேடையை அவர் நன்றாக அறிந்தவர் என்பது எழுத்தில் தெரிகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது வேகமின்மை. இரண்டாவது கொலை கிடையாது, துரத்தல் கிடையாது, இப்போது யாருக்கும் ஆபத்தும் கிடையாது. அது பொறுக்காது என்று தெரிந்தவர்களுக்கு 1936இல் வந்த 'தி ஏபிசி மர்டர்ஸ்' இருக்கிறது. ஆண்டோவரில் ஒரு கொலை, பெக்ஸ்ஹில்லில் அடுத்தது, சர்ஸ்டனில் மூன்றாவது என்று அகர வரிசையில் கொல்கிறவன் ஒவ்வொரு முறையும் புவாரோவுக்கு முன்கூட்டியே கடிதம் போடுகிறான். பிணத்தருகே ஒரு ரயில்வே கைடு கிடக்கிறது. வேகமும் உண்டு, விதியும் மீறப்படவில்லை. மனித மனத்தின் ஆழம் என்று பார்த்தால் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' பக்கத்தில் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

வரிசைப்படி முதல் நாவலிலிருந்தே தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' 1920இல் வந்தது. முதல் உலகப்போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியது. விஷங்கள் பற்றிய அவருடைய அறிவு அங்கே கிடைத்ததுதான். ஆனால் முதல் நாவலுக்கே உரிய பதற்றம் அதில் இருக்கிறது. தெரிந்த வித்தை அத்தனையையும் ஒரே புத்தகத்தில் திணித்திருக்கிறார். புவாரோ பிடித்துப்போன பிறகு படித்தால் ரசிக்கலாம். கடைசிக் கால நாவல்களைக் கொஞ்ச நாள் தொடவே வேண்டாம். 1972இல் வந்த 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்' கதையமைப்பில் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' போலவே பழைய சாவைத் தோண்டுவது. அதில் வயதுகளும் வருடங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் முப்பது வருட இடைவெளி மனதைக் கனக்கச் செய்யும்.

என் வரிசை இது: முதலில் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்', அடுத்து 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு', அதன்பின் 'ஏபிசி', 'நைல்'. இவை முடிந்ததும் 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்', அதற்கும் பிறகு 'அக்ராய்ட்'. 'அண்ட் தென் தேர் வேர் நன்' மட்டும் 'நைல்' முடிந்ததும் எப்போது வேண்டுமானாலும், ஆனால் ஒரே மூச்சில் படிக்க நேரம் இருக்கிற ஒரு மழை நாளில்.

'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' படிக்கும்போது ஒன்று செய்யுங்கள். நாவலின் மூன்றாம் பகுதியில், ஐந்து பேரும் எழுதித் தந்தவற்றைப் படித்த பிறகு, புவாரோ ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்த ஐந்தாவது கேள்வி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். உங்களுக்குத் தேவையான எல்லாம் அதற்குள் சொல்லப்பட்டுவிட்டது. இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய், அந்த ஐந்து வாக்குமூலங்களை இன்னொரு முறை படித்து, யார் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் மிச்சத்தைப் படியுங்கள்.